0.14 நாள் ஏற்ற இறக்கம்: துடிப்பா, கிரகணமா?

கேள்வி: டெஸ் விண்வெளித் தொலைநோக்கியின் ஒரு செக்டார் (சுமார் 27 நாள் தொடர்ந்து பார்க்கும் வானப் பகுதி) தரவை லைட்கர்வ் மென்பொருளில் பார்த்தேன். ஒரு விண்மீனின் ஒளி 0.14 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. டெல்டா ஸ்குட்டி வகை (தானே விரிந்து சுருங்கித் துடிக்கும் விண்மீன்) என்று பதிவு செய்யலாமா?

பதில்: அவசரம் வேண்டாம். டெல்டா ஸ்குட்டிகள் பெரும்பாலும் 0.02 முதல் 0.3 நாளுக்குள் துடிப்பவை. உங்களுடையது அதற்குள் வருகிறது. ஆனால் ஒட்டிக்கொண்டு சுற்றும் இரட்டை விண்மீன் ஒன்றையொன்று மறைப்பதால் ஒரு சுற்றில் இருமுறை மங்கும். 0.28 நாளில் சுற்றும் இரட்டைக்கும் பீரியடோகிராமில் (எந்தக் கால இடைவெளியில் ஏற்ற இறக்கம் வலுவாக இருக்கிறது என்று காட்டும் வரைபடம்) உச்சம் 0.14-இல்தான் விழும்.

எனவே முதலில் 0.28 நாளில் மடித்துப் பாருங்கள், அதாவது தரவை 0.28 நாள் துண்டுகளாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். அடுத்தடுத்த பள்ளங்களின் ஆழம் மாறி மாறி வந்தால் அநேகமாக இரட்டைதான். சமமாக இருந்தால் நிறம் கைகொடுக்கும். இவ்வளவு வேகமாகச் சுற்றும் ஒட்டு இரட்டைகள் 5,000 கெல்வின் சுமாருக்குக் குளிர்ந்தவை. கேயா விண்கலத்தின் விண்மீன் பட்டியலில் பிபி-ஆர்பி நிறம் (நீல, சிவப்பு ஒளி அளவுகளின் வித்தியாசம்; எண் கூடினால் சிவப்பு) 1-ஐ ஒட்டி இருக்கும். டெல்டா ஸ்குட்டி சுமார் 6,500–8,500 கெல்வின். நிறம் பொதுவாக 0.5-க்குக் கீழ். பால்வீதித் தளத்தை ஒட்டிய விண்மீன் என்றால் தூசியால் சிவந்திருக்கும், அதைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

அடுத்து, நாளுக்கு 7.14 சுற்று என்ற அந்த அதிர்வெண்ணைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். 14.28 வந்தால் அது 7.14-இன் இரு மடங்கு, புதிய துடிப்பல்ல. 9.3-ஐ ஒட்டி வேறொன்று நின்றால் நல்ல செய்தி: டெல்டா ஸ்குட்டிகளில் அடிப்படைத் துடிப்புக்கும் அதற்கு அடுத்த வேகமான துடிப்பான முதல் மேல்துடிப்புக்கும் உள்ள கால விகிதம் சுமார் 0.77. இரைச்சலைவிட 4 மடங்கு உயராத உச்சத்தை எண்ணாதீர்கள். 5 இருந்தால் நிம்மதி. 27 நாள் தரவில் நாளுக்கு 0.056 சுற்றுக்கும் நெருக்கமான இரண்டு உச்சங்களைத் தனித்தனி என்று நம்ப முடியாது.

2018–2020 காலத்தில் டெஸ் எடுத்த முழுச்சட்டப் படங்கள் (கேமராவின் முழுப் பார்வையையும் பதிபவை) 30 நிமிடத்துக்கு ஒன்று, அதாவது நாளுக்கு 48. அதில் நாளுக்கு 40.86 (48 − 7.14) சுற்றில் உள்ள துடிப்பும் 7.14 போலவே தெரியும். 200 விநாடிப் படங்கள் கிடைத்தால் அதிலும் சரிபாருங்கள்.

பலர் சறுக்குவது பக்கத்து விண்மீனிடம். டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) அகலம், அதனால் பக்கத்து விண்மீனின் ஒளியும் கலந்துவிடும். ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியே ஒளிவளைவு எடுத்து, அலைவு எங்கே மிகுதி என்று பாருங்கள். சராசரியால் வகுக்காமல், விநாடிக்கு இத்தனை எலக்ட்ரான் என்ற கணக்கிலேயே ஒப்பிடுங்கள். வகுத்தால் மங்கலான ஓரப் பிக்சல் பொய்யாகப் பெரிதாகத் தெரியும். வடவானம் என்றால் இசட்டிஎஃப் (டெஸ்ஸைவிடக் கூர்மையாகப் பார்க்கும் தரைத் தொலைநோக்கி ஆய்வு) தரவு சந்தேகத்தைத் தீர்க்கும்.

எல்லாம் தேறினால், விஎஸ்எக்ஸ் என்ற மாறொளி விண்மீன் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிவிட்டுப் பதியுங்கள். டெஸ் நேரத்துடன் 24,57,000 கூட்டி முழு ஜூலியன் நாளாக (வானியலில் நாள்களைத் தொடர்ந்து எண்ணும் முறை) மாற்ற மறக்காதீர்கள். தொடக்க நேரமாகத் துடிப்புக்கு உச்ச ஒளி நேரம், கிரகணத்துக்குப் பள்ள நேரம் தர வேண்டும்.