பிராசசரில் எத்தனை கோர் வேண்டும்? குறைந்த செலவு கேள்வி பதில்

புதிதாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்ய இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும். கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு கணக்குப் பகுதி. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு எழுதவில்லை.

கே: அண்ணா, கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரைசன் 5 5600 ஆறு கோர், ரைசன் 7 5700எக்ஸ் எட்டு கோர். கூடுதலாகக் காசு போட்டு எட்டே வாங்கிவிடலாமா? (கோவை)

ப: ஆறு போதும் தம்பி. ஒரு வேலையில் 80 சதவீதத்தைத்தான் கோர்களுக்குப் பங்கு பிரிக்க முடியும், மிச்சம் 20 ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும் என்று வைத்துக்கொள். ஒரே கோரில் ஓடுவதைவிட ஆறு கோரில் அது மூன்று மடங்கு வேகமாக முடியும். பன்னிரண்டு கோர் போட்டால் ஆறு மடங்கு கிடைக்காது, 3.75தான். ஆயிரம் கோர் போட்டாலும் ஐந்தைத் தொடாது. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் சொன்ன கணக்கு இது. பிராசசர் விளம்பரம் எதிலும் இது வராது.

பெரிய சி++ புராஜெக்டைத் தினமும் முழுதாகக் கம்பைல் செய்கிறவருக்கும், பிளெண்டரில் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரெண்டர் செய்கிறவருக்கும் எட்டு கோர் கண்ணுக்குத் தெரிகிற லாபம். உனக்கு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எமுலேட்டர், டாக்கர், பிரவுசரில் நாற்பது டேப். அங்கே முதலில் மூச்சு வாங்குவது ராம்தான். 16 ஜிபியில் இழுத்துப் பிடித்து ஓட்டுவதை விட, கோரில் மிச்சம் பிடித்த காசை 32 ஜிபி பக்கம் தள்ளு. 2025 கடைசியில் ராம் விலை எகிறியதிலிருந்து இந்தத் தேர்வு இன்னும் முக்கியமாகிவிட்டது. இன்னொன்று, 5600 பெட்டிக்குள் கூலர் வரும். 5700எக்ஸ் பெட்டியில் வராது. அந்தச் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்.

கே: சார், கடைக் கணக்கு, பில் போட ஒரு சிஸ்டம் வேண்டும். ஐ5-12400, 12400எஃப் இரண்டில் எஃப் விலை குறைவு. அதையே எடுக்கட்டுமா? (ஈரோடு)

ப: வேண்டாம். இன்டெல் மாடலில் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு போடாவிட்டால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், மானிட்டரில் மட்டும் ஒன்றும் வராது. ரைசன் 5 5600க்கும் இதே கதைதான்; ஏஎம்டி பக்கம் 5600ஜி எடுத்தால் படம் வரும். 5600ஜி வாங்கினால் ராமை ஒரே குச்சியாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள், உள்ளிருக்கும் கிராபிக்ஸ் அந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

உண்மையில் உங்கள் வேலைக்கு நாலு கோர் ஐ3-12100 போதும். அதிலும் எஃப் இல்லாதது. மிச்சக் காசில் நல்ல எஸ்எஸ்டி ஒன்றும் யுபிஎஸ் ஒன்றும் வாங்குங்கள்.

கே: கல்யாண வீடியோ எடிட்டிங். கோர் கூடக் கூட டைம்லைன் வேகமாக ஓடும்தானே? (மதுரை)

ப: எக்ஸ்போர்ட்டில் கொஞ்சம் உண்மை. டைம்லைன் திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. இப்போதைய கேமராக்கள் பல, எச்.265 என்ற சுருக்கும் வடிவத்தில் 10 பிட், 4:2:2 என்ற கூடுதல் நிற விவரத்தோடு பதிவு செய்கின்றன. இதைத் தனிச் சர்க்யூட் கொண்டு பிரிக்க முடியாவிட்டால் பாரமெல்லாம் கோர்கள் தலையில் விழும். எட்டு கோரும் வியர்க்கும். கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதே என்கிறீர்களா? ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளிலும் 4:2:2 பிரிக்கும் வசதி இல்லை. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதல் டெஸ்க்டாப் பிராசசர்களுக்குள் இருக்கும் கிராபிக்ஸில் அது உண்டு. அதனால் எஃப் இல்லாத ஐ5-12400, பெயருக்குச் சிறிய பிராசசர்தான் என்றாலும், பிரீமியரில் இந்த ஃபைல்களை அலட்டாமல் ஓட்டும். பட்ஜெட் கொஞ்சம் நீண்டால் 13400: ஆறு பெரிய கோர், நாலு சின்ன கோர். தனி கார்டு போட்ட பிறகும், போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸில் உள் கிராபிக்ஸை அணைக்காமல் விட்டுவையுங்கள்.

எடிட்டர்களுக்கு எஃப் மாடலைக் கட்டித் தருகிற கடைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். கொஞ்சம் காசு குறைத்துக் கொடுத்து, வேலைக்கு வேண்டியதையே கழற்றிவிடுகிறார்கள்.

கே: ஆன்லைனில் 14 கோர் ஸியான் இ5-2680 வி4, போர்டு, ராம் எல்லாம் சேர்ந்த கிட் மலிவாகக் கிடைக்கிறது. 28 த்ரெட்! அள்ளிவிடலாமா? (சேலம்)

ப: 28 த்ரெட் (ஒரு கோருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசை) என்றதும் கை அரிக்கும், தெரியும். இது 2016இல் வந்த சர்வர் பிராசசர். உச்ச வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், 12400 போவது 4.4. ஒரே கிகாஹெர்ட்ஸில் செய்யும் வேலையும் புதியதில்தான் அதிகம். எனவே பிரவுசர், எக்செல், கேம் எதுவும் ஸியானில் மந்தமாகத்தான் தெரியும். 120 வாட் பிராசசர், உள் கிராபிக்ஸ் கிடையாது, விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்தது. போர்டு செய்தவர் யார், பயாஸ் அப்டேட் எங்கிருந்து வரும் என்பதற்கும் பதில் இருக்காது.

லினக்ஸில் ஏழெட்டு விர்ச்சுவல் மெஷின் ஓட்டிப் பழக வேண்டும், ராம் நிறைய வேண்டும் என்றால் மட்டும் வாங்குங்கள். அந்த வேலைக்கு அது நிஜமாகவே மலிவு.

கோர் எண்ணைக் காட்டி விற்பது புதிதல்ல. 2012இல் வந்த எஃப்எக்ஸ்-8350ஐ எட்டு கோர் என்றுதான் ஏஎம்டி விற்றது. இரண்டிரண்டு கோர் ஒரே தசமக் கணக்குப் பகுதியைப் பகிர்ந்துகொண்டதால் இது எட்டா நாலா என்று அமெரிக்காவில் வழக்கே நடந்து, 2019இல் ஏஎம்டி பணம் கொடுத்து முடித்துக்கொண்டது.

கே: கேம் மட்டும்தான். 5500ஆ, 5600ஆ? இரண்டும் ஆறு கோர்தானே? (நாகர்கோவில்)

ப: 5600. அதன் கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன அதிவேக நினைவகம்) 32 எம்பி. 5500இல் அதில் பாதி. கேமுக்குக் கோரை விட இது பேசும். கிராபிக்ஸ் கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇ, 5500இல் பழைய 3.0தான் என்பதால் நாலு லேன் (தடம்) மட்டும் கொண்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரிக் கார்டுகளின் வேகத்தையும் பிடித்து நிறுத்தும். ஆனால் இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இருந்து, அந்தக் காசில் கார்டு ஒரு படி ஏறும் என்றால் 5500 எடுத்துக் கார்டை ஏற்றுங்கள்.

கே: ஏஎம்4 பழசாகிவிட்டதே, ஏஎம்5 போவதுதானே புத்திசாலித்தனம்? (சென்னை)

ப: ஏஎம்4 என்பது 5600 போன்றவை உட்காரும் சாக்கெட், ஏஎம்5 அதற்கு அடுத்தது. மூன்று நான்கு வருஷத்தில் பிராசசரை மட்டும் மாற்றுகிற பழக்கம் இருந்தால், ஆம். ஏஎம்5 சாக்கெட்டை 2027க்கு அப்புறமும் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ரைசன் 5 7600 நல்ல தொடக்கம், சின்னதாக உள் கிராபிக்ஸும் உண்டு. ஆனால் புதிய வகை ராமான டிடிஆர்5 மட்டுமே ஏற்கும், போர்டும் விலை. வாங்கியதை ஏழெட்டு வருஷம் அப்படியே ஓட்டுகிறவர்தான் நம்மில் அதிகம். அவர்களுக்கு எதிர்கால அப்கிரேடு என்பது கட்டாத வீட்டுக்கு மாடிப்படி. வீட்டில் பழைய டிடிஆர்4 ராம் கிடந்தால் ஏஎம்4ஓ, டிடிஆர்4 போர்டோடு 12400ஓ போதும்.

கே: பி450 போர்டு, ரைசன் 3 1200 வைத்திருக்கிறேன். 5600 உட்காருமா? (திருச்சி)

ப: உட்காரும். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். கழற்றி மாற்றிய பிறகு ஞாபகம் வந்தால், யுஎஸ்பி வழியாக பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டு தவிர மற்றதெல்லாம் கையை விரித்துவிடும்.

கே: இன்டெல்லில் பிராசசர் கெட்டுப்போகிறது என்றார்களே, 12400க்கும் அந்தப் பயம் உண்டா? (தஞ்சாவூர்)

ப: இல்லை. அது 13, 14ஆம் தலைமுறைக் கோளாறு, பெரும்பாலும் மேல்தட்டு மாடல்களில். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் பிராசசர் தேய்ந்தது. 2024இல் இன்டெல் மைக்ரோகோட் (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தம் கொடுத்து, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியையும் இரண்டு வருஷம் நீட்டியது. ஏற்கெனவே தேய்ந்ததைத் திருத்தம் சரிசெய்யாது. ஆகையால் செகண்ட் ஹேண்டில் 13700கே, 13900கே மலிவாக வந்தால் வாங்க வேண்டாம்.

கே: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிரே பீஸ் விலை குறைத்துச் சொல்கிறார்கள். (செங்கல்பட்டு)

ப: டிரே பீஸ் என்பது பெட்டி இல்லாமல் வரும் பிராசசர். சில்லு அதேதான். கூலரும் கம்பெனி வாரண்டியும் இருக்காது. கடைக்காரர் கொடுக்கும் வாரண்டிதான். அதை வாய்ப்பேச்சாக விடாமல், சீரியல் எண்ணோடு பில்லில் எழுதித் தருகிறாரா என்று கேளுங்கள். எழுதினால் வாங்கலாம், மழுப்பினால் பாக்ஸ் பீஸ்.