தாராவி டீச்சருக்கு: 1/3 பெரிதா, 1/4 பெரிதா?

டீச்சர், தாராவியில் உங்கள் ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் 1/3-ஐ விட 1/4 தான் பெரியது என்கிறார்கள், ஆய்வகமும் இல்லை, பயிற்சிக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விதிகளைக் கொஞ்ச நாள் ஓரங்கட்டுங்கள். ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளை ஆளுக்கு இரண்டு கொடுங்கள். நான்காக மடிப்பது எளிது. மூன்றாக மடிக்கத்தான் திணறுவார்கள். பட்டையை அழுத்தாமல் முன்னும் பின்னுமாக வளைத்து, மூன்று அடுக்கும் சமமாகும்வரை நகர்த்தி, அதன் பிறகே அழுத்தச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்ததும் வாதம் தானே அடங்கிவிடும்.

அறிவியலுக்கு, மஞ்சள் கரைசலில் தோய்த்து உலர்த்திய தாளே ஒரு ஆய்வகம்தான்: சோப்பு நீர் பட்டால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும்.

தேநீரும் சான்றிதழும் மட்டும் தருகிற பயிற்சிகளுக்கு விடுமுறையைத் தாரைவார்க்காதீர்கள். மான்குர்த்தில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் விசாரியுங்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தது, 1974 முதல் இதே வேலையாக இருக்கிறார்கள். அவர்களுடைய விஞ்ஞான் பிரதிபா பாடப் பகுதிகள் இணையத்தில் இலவசம். எட்டு முதல் பத்தாம் வகுப்புக்கானவை என்றாலும், சிலவற்றை எளிமைப்படுத்தி எடுக்கலாம். நேரில் போவதானால் சயானில் ரயில் ஏறி, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறுங்கள்.