இரட்டை அச்சா, தேய்ந்த அச்சா?

கேள்வி: மதுரை மாசி வீதிப் பக்கம் பழைய நாணயம் விற்பவர் ஒருவர், 1995ஆம் ஆண்டின் ஒரு ரூபாய் நாணயத்தைக் காட்டி, 'டபுள் டை' என்று சொல்லி 1,500 ரூபாய் கேட்கிறார். ஆண்டெண்ணை ஒட்டி நிழல்போல இன்னொரு கோடு தெரிவது உண்மைதான். வாங்கலாமா?
– வாசகர் ஒருவர், மேலூர்.

பதில்: இப்போதைக்குப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த எண் பெருத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அலுவலக ரப்பர் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். முத்திரையைச் செதுக்கும்போதே எழுத்து இரட்டையாக விழுந்துவிட்டால், அதைக் குத்தும் தாளிலெல்லாம் அந்த இரட்டை அப்படியே வரும். உண்மையான இரட்டை அச்சு இதுதான். நாணயம் அடிக்கும் 'டை' என்னும் அச்சை உருவாக்க, புடைத்த உருவம் கொண்ட 'ஹப்' என்னும் மூல அச்சை எஃகுத் துண்டின்மேல் அழுத்துவார்கள். முன்பெல்லாம் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுமையாகப் பதியாது என்பதால், இறுகிப்போன எஃகைச் சூடேற்றி இளக்கி, மீண்டும் அழுத்துவது வழக்கம். அந்த இரண்டாம் அழுத்தம் மயிரிழை விலகினாலும் அச்சிலேயே இரண்டு உருவங்கள் தங்கிவிடும். 1955இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச் சாலையிலிருந்து ஏறத்தாழ 20,000 ஒரு சென்ட் நாணயங்கள் இவ்வாறு வெளிவந்தன. அவற்றின் ஆண்டெண்ணும் வாசகங்களும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும்.

முத்திரை சரியாக இருந்தும், குத்திய கை நழுவினால் எழுத்து இழுபடும் அல்லவா? அச்சு தளர்வாகப் பொருத்தப்பட்டிருந்தால், அடி விழுந்த கணத்தில் அது அசைந்து, புடைத்த எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடுகிறது. மூன்றாவது வகை, அடித்து அடித்து முத்திரையே தேய்ந்துபோவது. துருப்பிடிக்காத எஃகு கடினமான உலோகமாதலால் அச்சுகளை விரைவில் களைப்படையச் செய்கிறது. ஆகவே நம் எஃகு ரூபாய்களில் இந்தத் தேய்மான நிழலைக் கண்டு நான் வியப்பதில்லை.

தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, நாணயத்தைச் சாய்த்துச் சாய்த்து, அந்த ஆண்டெண்ணில் உள்ள 9இன் வால் நுனியைப் பாருங்கள். உண்மையான இரட்டை அச்சாயின் அந்த நுனி இரண்டாகப் பிளந்து, நடுவே சிறு வெட்டு தெரியும். இரண்டாம் கோடும் முதற்கோட்டைப் போலவே உருண்டு புடைத்திருக்கும். எண் மொத்தத்தில் தடித்திருக்கும். அச்சு அசைந்ததாயின், எண்ணின் காலடியில் தட்டையான ஒரு படிக்கட்டு மினுமினுக்கும்; அந்தப் படி எண்ணிலிருந்தே நசுக்கி எடுக்கப்பட்டதாகையால் எண் மெலிந்துவிடும். தேய்மானமாயின் படியும் இராது, வெட்டும் இராது. ஓரம் கரைந்து மங்கலாகி, சுற்றியுள்ள வெற்றிடம் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகி, விளிம்பை நோக்கி மெல்லிய வரிகள் ஓடும்.

'இதேபோல் நான்கு வைத்திருக்கிறேன், எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறது' என்று விற்பவர் சொன்னால் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். தேய்ந்த அச்சும் அடுத்தடுத்த நாணயங்களில் ஒத்த தோற்றத்தையே தரும். ஒப்பிடுவதானால் அதே ஆண்டு, அதே நாணயச் சாலையின் நல்ல நாணயத்தோடு ஒப்பிடுங்கள்: ஆண்டெண்ணின் கீழ் வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லையெனில் கொல்கத்தா. நீங்கள் எழுதியுள்ள 'நிழல்' என்ற சொல்லே எனக்கு ஐயத்தைத் தருகிறது. நுனியில் வெட்டு தெரியாவிட்டால் அது ஒரு ரூபாய்தான்.

கேள்வி: 1936ஆம் ஆண்டின் வெண்கலக் காலணாவில் எழுத்து இரட்டையாகத் தெரிகிறது. புளி போட்டுத் தேய்த்தால் தெளிவாகத் தெரியுமா?
– வாசகர் ஒருவர், உசிலம்பட்டி.

பதில்: தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். புளியின் அமிலம் மேற்பரப்பை அரித்துவிடும். தேய்ந்த அச்சைக் காட்டிக்கொடுக்கும் அந்த மெல்லிய வரிகளே முதலில் அழியும். அதன்பிறகு இரட்டை எதனால் வந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. தூய நீரில் அலசி, தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.