36 செல், ஓர் இன்வெர்ட்டர்

கேள்வி: தனித்தனி சோலார் செல்களாக வாங்கி, நானே சால்டரிங் செய்து ஒரு பேனல் தயாரித்திருக்கிறேன். 6 அங்குலச் செல்கள் 36, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் (சீரிஸ்) இணைத்தவை. வெயிலில் வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 21 வோல்ட் காட்டுகிறது. இதற்கு 1000 வாட் இன்வெர்ட்டர் சரியாக இருக்குமா? பேனலை நேரடியாக அதில் இணைத்துவிடலாமா?

பதில்: அந்தச் செல்களின் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். 36 செல்லையும் உடைக்காமல் பற்றவைத்திருக்கிறீர்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதியில்தான் விழுகிறவர்கள் அதிகம்.

முதலில் அந்த 21 வோல்ட். அதைப் பார்த்து ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். எதையும் இணைக்காத நிலையில் ஒரு செல் 0.6 வோல்ட் அளவுக்குக் காட்டும், 36 செல்லுக்கு 21 வருவது இயல்பு. மேகமூட்டமான நாளிலும் அது பெரிதாக இறங்காது. பேனலின் உண்மையான பலம் ஆம்ப்பில்தான் தெரியும். மீட்டரை 10 ஆம்ப் டிசி அளவில் வைத்து, சிவப்பு வயரை அதற்குரிய துளைக்கு மாற்றுங்கள். பேனலை ஒரு தடித்த துணியால் மூடி, இரண்டு முனைகளையும் இறுக்கமாகப் பிடித்த பிறகு துணியை எடுங்கள். நல்ல நண்பகல் வெயிலில் 8 முதல் 9 ஆம்ப் வர வேண்டும். பேட்டரியில் இப்படிச் செய்தால் மீட்டர் போய்விடும், ஆனால் பேனலால் விழுகிற வெளிச்சத்துக்கு மேல் கரண்ட் கொடுக்க முடியாது. அளந்தவுடன் மறுபடி துணியை மூடிவிட்டு முனைகளை எடுங்கள், சிவப்பு வயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். இந்தக் கடைசி வேலையை மறந்து மீட்டரைப் பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர்.

8 ஆம்ப்புக்குப் பதில் 5தான் வருகிறதா? வரிசையில் நின்று வாளி கைமாற்றும்போது மெதுவான ஆளின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். செல்களும் அப்படித்தான். ஓரம் உடைந்த ஒரு செல், சரியாகப் பிடிக்காத ஒரு சால்டர் போதும். பின்பக்கத்தை இன்னும் மூடவில்லை என்றால் ஒரு 12 வோல்ட் கார் ஹெட்லைட் பல்பை இணைத்துவிட்டு, ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். குற்றவாளிச் செல் மற்றவற்றைவிடக் குறைவாகவோ, தலைகீழாகவோகூடக் காட்டும். மூடிய பிறகு தேடுவது பெரும்பாடு.

சரி, இன்வெர்ட்டருக்கு வருவோம். நேரடியாக இணைக்கக் கூடாது. சாதாரண 12 வோல்ட் இன்வெர்ட்டர் எதிர்பார்ப்பது பேட்டரியின் வோல்ட்டை, அதாவது ஏறக்குறைய 10.5 முதல் 15 வரை. 21 வோல்ட் போனால் அலறி அணைந்துவிடும், மட்டமானதாக இருந்தால் புகைந்தே போகும். பேனலிலிருந்து சார்ஜ் கன்ட்ரோலர் (பேட்டரிக்கு அளவோடு கரண்ட் விடும் கருவி), அங்கிருந்து பேட்டரி, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர்: இதுதான் பாதை. ஆகவே இன்வெர்ட்டருக்கு உங்கள் பேனல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பேனலுக்குப் பொருத்தம் பார்க்க வேண்டியது கன்ட்ரோலரை. இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கும், நீங்கள் ஓட்டப்போகிற சாமான்களுக்கும் பொருத்துங்கள்.

கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் பேனல் நன்றாக இருந்தால் 150 வாட். 5 மணி நேர நல்ல வெயில் என்று வைத்தாலும், இழப்பெல்லாம் போக ஒரு நாளைக்கு அரை யூனிட், அதாவது 500 வாட்-ஹவர் கைக்கு வரும். 1000 வாட் இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வாட் தின்னும். 15 என்று வைத்தாலும் 24 மணி நேரத்தில் 360 வாட்-ஹவர். விளைச்சலில் பெரும்பகுதி காவல்காரனுக்கே போய்விடுகிறது! முழுச் சுமையில் ஓட்டினாலோ பேட்டரியிலிருந்து 100 ஆம்ப் அளவுக்கு இழுக்கும், பேனல் கொடுப்பது 8. எனவே 300 வாட் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் (வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தருவது) போதும். விளக்குகள், ஒரு மின்விசிறி, லேப்டாப், ரவுட்டர் எல்லாம் ஓடும். ஃபிரிட்ஜை மறந்துவிடுங்கள். அதன் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப்போலப் பல மடங்கு கரண்ட் கேட்கும்.

பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்ப்-ஹவர் லெட் ஆசிட் ஒன்று. அதில் பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருந்தால் நீண்ட காலம் உழைக்கும், அந்தப் பாதி உங்கள் ஒரு நாள் விளைச்சலுக்குச் சரியாக இருக்கும்.

கன்ட்ரோலரில் எம்பிபிடி (பேனலை அதிக வாட் தரும் வோல்ட்டிலேயே ஓடவிட்டு, பேட்டரிக்கு ஏற்ப மாற்றித் தரும் வகை) வாங்கச் சொல்லி எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். பிடபிள்யூஎம் என்கிற எளிய வகை, பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்துவிடும் என்பது உண்மைதான். 18 வோல்ட்டில் 8.3 ஆம்ப் தரும் பேனல் 13 வோல்ட்டில் நிற்கும்போது 150 வாட் 108 ஆகிறது. ஆனால் செல் சூடாகச் சூடாக வோல்ட் குறையும். 60 டிகிரி தாண்டினால் அந்த 18 என்பது 15, 15.5 ஆகிவிடும், எம்பிபிடி-யால் பிடிப்பதற்கு மிச்சம் அதிகம் இராது. ஒரே ஒரு 36 செல் பேனலுக்கு 15 ஆம்ப் பிடபிள்யூஎம் போதும் என்பது என் கட்சி. பின்னால் இன்னொரு பேனலை வரிசையில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் எம்பிபிடி வாங்குங்கள். அப்போது எதையும் இணைக்காத நிலையின் வோல்ட் 42 தாண்டும், குளிர்காலக் காலையில் இன்னும் ஏறும். 100 வோல்ட் தாங்குவதாகப் பாருங்கள்.

கேள்வி: வீட்டு பிளக்கிலேயே செருகும் கிரிட்-டை இன்வெர்ட்டர் இருக்கிறதாமே? பேட்டரி செலவு மிச்சமாகுமே?

பதில்: வேண்டாம். அது பேனலின் மின்சாரத்தை ஊர் மின்கம்பியோடு சேர்த்துவிடும் கருவி. ஐஇசி 61215, 61730 என்கிற தர, பாதுகாப்புச் சான்று இல்லாத பேனலை மின்சாரம் வழங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், வீட்டில் செய்த பேனலுக்கு அந்தச் சான்று ஏது? அதோடு, மின்தடை வந்தால் ஒழுங்கான கிரிட்-டை இன்வெர்ட்டர் தானும் அணைந்துவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர் மேல் உங்கள் கரண்ட் பாயக் கூடாதே. அணையாமல் ஓடுகிற மலிவுச் சரக்கு ஒருவேளை கிடைத்தால் அது அதைவிட மோசம்.

கேள்வி: என் பேனலின் பின்புறம் ப்ளைவுட், முன்னால் அக்ரிலிக். பரவாயில்லையா?

பதில்: சோதித்துப் பார்க்கப் பரவாயில்லை, வீட்டுக் கூரையில் ஏற்றாதீர்கள். சரியாகப் பிடிக்காத ஒரு சால்டர் இணைப்பில் டிசி பொறி பிடித்தால் ஏசி மாதிரி தானாக அணையாது. 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போகும், டிசி தொடவே தொடாது. பின்னால் மரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணாடி, ஈவிஏ ஷீட் (செல்களைக் கண்ணாடியோடு ஒட்டும் பிளாஸ்டிக் தாள்), அலுமினியச் சட்டம் என்று மாற்றுங்கள். அப்புறம், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 40 ஆம்ப் டிசி ஃபியூஸ் ஒன்று, அங்கிருந்து இன்வெர்ட்டருக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், முடிந்தவரை குட்டையாக.