நேர்கோட்டு ஃபார்முலா ஒய் = எம்எக்ஸ் + சி மனப்பாடம் ஆயிடுச்சு, கணக்கு மட்டும் வரல. என்ன பண்றது?

பத்தாவது படிக்கிற பொண்ணோட அம்மா ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "ஃபார்முலாவை தூக்கத்துல கேட்டாலும் சொல்றா சார், ஆனா கணக்கு வாக்கியமா வந்தா எம் எது சி எதுன்னு முழிக்கிறா. ஒரு சென்டர்ல 15 நாள் க்ராஷ் கோர்ஸ், 6,000 ரூபாய்ங்கிறாங்க. சேர்க்கலாமா?"

இப்போ சேர்க்காதீங்கம்மா. முதல்ல ஒரு வாளியை எடுங்க. அதுல ஏற்கனவே 4 லிட்டர் தண்ணி இருக்கு, குழாய் நிமிஷத்துக்கு 3 லிட்டர் ஊத்துதுன்னு வைங்க. நோட்டுல 0, 1, 2, 3 நிமிஷம்னு எழுதி பக்கத்துலயே 4, 7, 10, 13 எழுதச் சொல்லுங்க. நிமிஷம்தான் எக்ஸ், தண்ணிதான் ஒய். ஒவ்வொரு வரிக்கும் 3 கூடுது பாருங்க, அதான் எம், அதாவது கோட்டோட சாய்வு. குழாயே திறக்காதப்போ இருந்த 4 தான் சி. அவ்ளோதான் விஷயம். தண்ணி இறங்குற கணக்கா இருந்தா எம் மைனஸ்ல வரும், வேற எதுவும் மாறாது.

இப்போ 10 நிமிஷத்துல எவ்ளோன்னு கேளுங்க, 34ன்னு சரியா சொல்லிடுவா. 20 நிமிஷத்துக்கு யோசிக்காம 68ன்னா, அங்கதான் சிக்கல். விடை 64. முதல்லயே இருந்த 4 லிட்டர் ரெண்டு மடங்கா ஆகாது இல்லையா? நேர் மாறுபாட்டுல, அதாவது ஒண்ணு ரெண்டு மடங்கானா இன்னொண்ணும் ரெண்டு மடங்காகுற கணக்குல, சி பூஜ்யம், அதனால அங்க மட்டும் இரட்டிப்பு சரியா வரும். பசங்க அதை எல்லா நேர்கோட்டுக்கும் போட்டுடறாங்க.

இந்த மாதிரி கணக்குக்கு ஷார்ட்கட் ஷீட் விக்கிறவங்க விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. "தனியா நிக்கிற நம்பர் சி, 'ஒவ்வொரு'ன்னு வர்ற நம்பர் எம்" இதான் அவங்க சொல்லித் தர்ற மந்திரம். வாளிக்கு வேலை செய்யும், ஆட்டோவுக்கு செய்யாது. 2013ல சென்னைக்கு அரசு போட்ட மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். 5 கிலோமீட்டருக்கு எவ்ளோ? அந்த ஷீட்டை வச்சுப் படிச்ச ஒரு பையன் என் முன்னாடியே 12 பெருக்கல் 5, கூட்டல் 25, மொத்தம் 85ன்னு எழுதினான். அந்த 25லயே 1.8 கிலோமீட்டர் அடங்கிடுச்சே, மிச்சம் 3.2க்கு தானே 12 போடணும்? 38.40 கூட்டல் 25, மொத்தம் 63.40. இதையே சமன்பாடா எழுதினா 12எக்ஸ் + 3.40 வரும். சி 25 கிடையாது, 3.40! ஆட்டோல யாருமே 3.40 கொடுக்கிறதில்ல, ஏன்னா 1.8 வரைக்கும் கோடு படுக்கையா 25லயே போய், அதுக்கப்புறம்தான் சாய்வா ஏறுது. அந்த சாய்ந்த கோட்டை ஸ்கேல் வச்சு பின்னாடி நீட்டினா 3.40ல போய் ஒய் அச்சைத் தொடும். வரைஞ்சு பார்க்கச் சொல்லுங்க, கண்ணால பார்த்தா மறக்காது.

தமிழ்நாடு அரசோட பத்தாவது கணக்குப் புத்தகத்து மேலயும் எனக்குக் கோவம் இருக்கு. நேரிய சார்பு (இதே ஒய் = எம்எக்ஸ் + சி தான்) முதல் பாடத்துல, நேர் மாறுபாட்டு வரைபடம் இயற்கணிதத்துல, சாய்வு அஞ்சாவது பாடம் ஆயத்தொலை வடிவியல்ல. மூணும் ஒரே கோடுதான்னு பிள்ளைகிட்ட யாரு சொல்றாங்க? வரைபடத்துக்கு 8 மார்க், அதுக்கு அஞ்சு மாடல் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வச்சுட்டு சிலபஸ் முடிஞ்சுதுன்னுடறாங்க. டீச்சரைச் சொல்லியும் பிரயோஜனம் இல்ல, அவங்க தலைமேல அவ்ளோ ரிவிஷன் டெஸ்ட்.

ஒரு வாரம் தினமும் ஒரு அட்டவணை போட வைங்க. கடைசி நாள் ஆட்டோ கணக்கைக் கொடுத்து 3.40 எங்கிருந்து வந்துச்சுன்னு கேளுங்க. அவ வாயால சொல்லிட்டா அந்த 6,000 உங்க கிட்டயே இருக்கட்டும். சொல்ல வரலன்னா பக்கத்துல உட்கார்ந்து நோட்டுல எழுத வச்சுக் கேள்வி கேட்கிற ஒரு ஆளைப் பாருங்க, நாற்பது பேரை உட்கார வச்சு ஷீட் கொடுக்கிற இடம் வேண்டாம்.