சாக்லேட் ஆராய்ச்சி பெல்லோஷிப்புக்கு இரண்டரை லட்சம் கட்டலாமா?

கேள்வி: எம்.டெக். உணவுத் தொழில்நுட்பம் முடித்திருக்கிறேன். கடலை மிட்டாய் மழைக்காலத்தில் ஏன் பிசுபிசுக்கிறது என்பதுதான் என் புராஜெக்ட். மிட்டாய், சாக்லேட் துறையிலேயே பிஎச்.டி. செய்ய ஆசை. கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சியில், "அமெரிக்காவில் இதற்கென்றே பெல்லோஷிப் இருக்கிறது. படிப்புச் செலவு, மாதச் சம்பளம் எல்லாம் அவர்களே தருவார்கள். எங்கள் புராசஸிங் கட்டணம் இரண்டரை லட்சம்" என்கிறார்கள். 25,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். மீதியை வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று தினமும் போன் வருகிறது. அப்பா நகையை வைக்கலாம் என்கிறார். கட்டலாமா?
வாசகி, பெரியகுளம்

பதில்: கட்டாதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கும் ஒரு பொது ஒப்பந்தம் உண்டு. பண உதவியோடு சேர்க்கை கொடுத்தால், ஏப்ரல் 15-க்கு முன்னால் "வருகிறாயா இல்லையா, சொல்" என்று மாணவரை நெருக்கக் கூடாது. பணம் கொடுக்கும் பல்கலைக்கழகமே ஏப்ரல் வரை காத்திருக்கிறது. இடையில் நிற்கும் கன்சல்டன்சிக்கு மட்டும் வெள்ளிக்கிழமை எங்கிருந்து வந்தது? இதைப் போனில் கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் படித்த பிள்ளைகளே ஏமாறுகிறார்கள். மிட்டாய் ஆராய்ச்சிக்கு அமெரிக்காவில் உண்மையாகவே பணம் இருக்கிறது. மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹார்ட்டெல் பல பத்தாண்டுகளாகச் சர்க்கரைப் படிகம், சாக்லேட், கம்மி என்ற ஜெல்லி மிட்டாய் என்று ஒரு பெரிய ஆய்வுக் குழுவை வளர்த்தவர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் சாக்லேட் ஆராய்ச்சிக்கு நல்ல மரபு உண்டு. ஹெர்ஷி சாக்லேட் ஆலை இருக்கும் பென்சில்வேனியா மாநிலம் அது, ஆச்சரியமில்லை. அதே பென்சில்வேனியாவில் 1907-ல் மிட்டாய் உற்பத்தியாளர்கள் சேர்ந்து தொடங்கிய பி.எம்.சி.ஏ. என்ற சங்கம், கம்பெனிகளிடமிருந்து வரும் பணத்தில் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு உதவுகிறது.

இந்தப் பணம் மாணவருக்கு வரும் வழியைத்தான் கன்சல்டன்சிக்காரர் சொல்லமாட்டார். பெரும்பாலும் அது ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்துக்குப் போகிறது. அவர் அந்த வேலைக்கு ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்கிறார். அந்த மாணவருக்குப் படிப்புக் கட்டணம் தள்ளுபடி, மாதாமாதம் ஸ்டைபண்ட், பதிலுக்கு வாரத்தில் சுமார் 20 மணி நேரம் ஆய்வக வேலை. இதற்கு அங்கே ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப் என்று பெயர். நம்மூரில் இதையும் பெல்லோஷிப் என்றே சொல்லிவிடுகிறோம். "சாக்லேட் பெல்லோஷிப்" என்று தனியாக ஒரு விண்ணப்பப் படிவம் வாங்கி நிரப்பி அனுப்பும் விஷயம் பெரும்பாலும் கிடையாது. யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவர் அந்தப் பேராசிரியர். அவர் உங்களோடு பேச வேண்டும், உங்கள் புராஜெக்டைப் பற்றிக் கேட்க வேண்டும். அந்த உரையாடலில் கன்சல்டன்சி எங்கே வருகிறது? எங்கும் வரவில்லை. உங்கள் பெயரில் அவர்களே ஒரு மின்னஞ்சல் எழுதி நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் தட்டிவிடுவார்கள். அது வந்த வேகத்தில் குப்பைக்குப் போகும். உங்கள் பெயரும் கூடவே போகும்.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது. மேடிசனில் "கேண்டி ஸ்கூல்" என்று 1963 முதல் ஒரு கோடைக்காலப் பயிற்சி நடந்து வருகிறது. இரண்டு வாரம். மிட்டாய்க் கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கானது. நல்ல பயிற்சிதான், ஆனால் கட்டணம் கட்டிச் சேர வேண்டியது. பட்டம் கிடையாது, ஸ்டைபண்ட் கிடையாது. ஜெர்மனியில் ஜோலிங்கன் நகரத்தில் உள்ள மிட்டாய்த் தொழில் பள்ளியின் குறுகிய காலப் பயிற்சிகளும் இதே ரகம். இப்படி ஒன்றுக்கு இடம் வாங்கிக் கொடுத்துவிட்டு "செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்று பொக்கே கொடுத்துப் போட்டோ எடுத்து விளம்பரத்தில் போடுவார்கள். நீங்கள் பார்த்த போட்டோவில் இருப்பவர் எந்தப் படிப்பில், யார் பணத்தில் சேர்ந்தார் என்று கேளுங்கள்.

சரி, உண்மையான பண உதவியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு தாளைப் பார்த்தால் போதும். முதலாவது, துறையிலிருந்து வரும் கடிதம். அதில் ஆண்டு ஸ்டைபண்ட் எவ்வளவு, கட்டணத் தள்ளுபடி முழுமையா, மருத்துவக் காப்பீடு உண்டா, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதியிருக்க வேண்டும். "யூ மே பி கன்சிடர்ட் ஃபார் ஃபண்டிங்" என்று மட்டும் இருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது, ஐ-20. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் படிவம் இது. முதல் பக்கத்திலேயே பண விவரம் இருக்கும். ஒரு பக்கம் ஓராண்டுச் செலவு, மறுபக்கம் அது எங்கிருந்து வருகிறது என்ற கணக்கு. அதில் "பெர்சனல் ஃபண்ட்ஸ்" என்று ஒரு வரி, "ஃபண்ட்ஸ் ஃப்ரம் திஸ் ஸ்கூல்" என்று ஒரு வரி. பல்கலைக்கழகம்தான் செலவைப் பார்க்கிறது என்றால், பெரிய தொகை இரண்டாவது வரியில் இருக்க வேண்டும். முதல் வரியில் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் டாலர் என்று கண்டால் அது பெல்லோஷிப் இல்லை, உங்கள் அப்பா வாங்கப்போகும் கல்விக் கடன். இந்தப் பக்கத்தை மட்டும் காட்டாமல் "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஐ-20 உங்கள் பெயரில் வருவது. உங்கள் மின்னஞ்சலுக்கே வரவேண்டும். விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

நீங்கள் உண்மையில் கட்ட வேண்டியவையும் சில உண்டு. விண்ணப்பக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, விசாக் கட்டணம், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம். எல்லாமே நீங்களே நேராகக் கட்டக்கூடியவை, ரசீது உங்கள் பெயரில் வரும். ஜிஆர்இ என்ற பொதுத் திறன் தேர்வைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. எழுதுவதற்கு முன் அந்தத் துறையின் பக்கத்தில் பாருங்கள், கோச்சிங் சென்டரில் கேட்காதீர்கள்.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாத சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். என்.எஸ்.எஃப். என்ற அமெரிக்க தேசிய அறிவியல் அமைப்பு தரும் புகழ்பெற்ற ஆராய்ச்சி பெல்லோஷிப் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். கோகோ ஆராய்ச்சி என்று போட்டிருக்கும் இடமெல்லாம் சாக்லேட் ஆராய்ச்சியும் இல்லை. திருச்சூர் வெள்ளானிக்கரையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கோகோ மையம் இருக்கிறது, இங்கிலாந்தில் ரெடிங் பல்கலைக்கழகம் இருக்கிறது, டிரினிடாடில் ஒரு பெரிய மையம் இருக்கிறது. முதல் இரண்டிலும் முக்கிய வேலை மரத்தில். மூன்றாவதில் மரபணு வங்கியோடு சுவை ஆய்வும் உண்டு. உங்களுக்கு மரம் வேண்டாம், பாகு வேண்டும்.

தனியாக விண்ணப்பிக்கும் பெல்லோஷிப் பெரும்பாலும் கிடையாது என்றேன். அதற்கு ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். அமெரிக்க, இந்திய அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவி. இது மாணவர் நேரடியாக விண்ணப்பிக்கும் அசல் பெல்லோஷிப். ஆனால் அமெரிக்காவில் பிஎச்.டி. பட்டம் வாங்குவதற்கு அல்ல. இந்தியாவில் ஏற்கெனவே பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருப்பவர்கள், ஆய்வின் ஒரு பகுதியை 6 முதல் 9 மாதம் அங்கே போய்ச் செய்துவிட்டுத் திரும்புவதற்கு. அதாவது நீங்கள் தஞ்சாவூரிலோ மைசூரிலோ ஓர் ஆய்வு நிறுவனத்தில் பிஎச்.டி. சேர்ந்த பிறகுதான் இந்தக் கதவு. அங்கே உங்களை ஏற்கும் பேராசிரியரிடமிருந்து கடிதம் இருந்தால் நல்லது. அதற்கும் நீங்கள்தான் எழுத வேண்டும். போவது ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில். முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு முன் அங்கே வேலை விசாவோ கிரீன் கார்டோ கிடைக்காது. "ஃபுல்பிரைட்டில் போய் அப்படியே செட்டில் ஆகிவிடலாம்" என்று யாராவது சொன்னால், அவர் விதியைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டுச் சொல்கிறார். இரண்டாவது வகை ஆபத்தானவர்.

இந்தியாவிலேயே செய்வதைக் கேவலமாக நினைக்காதீர்கள். தஞ்சாவூர் நிஃப்டெம், மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற இரண்டு மத்திய அரசு உணவு ஆராய்ச்சி நிறுவனங்களிலும் உங்கள் தலைப்புக்கு இடம் உண்டு. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கைக்கு வருவதற்குள் மாணவர்கள் படும் பாடு வேறு. மாதக்கணக்கில் நிலுவை, "ஃபைல் மேலே இருக்கிறது" என்ற பதில், கடைசியில் ஒரே தவணையில் வந்து வருமான வரித் தலைவலி. அதற்கு எழுத வேண்டிய நெட் போன்ற தகுதித் தேர்வுகளைப் பற்றி என்ன சொல்ல? உணவுத் தொழில்நுட்பம் படித்தவருக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் சொந்தப் பாடமே கிடையாது. யு.ஜி.சி. நெட்டில் மனையியலுக்குள் நுழைந்து எழுத வேண்டும். வேளாண் பக்கத்து நெட்டில் உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது, கேட் தேர்வில் எக்ஸ்.இ. தாளில் ஒரு பிரிவாக இருக்கிறது. எந்தத் தேர்வு எந்த நிறுவனத்தில் எந்த உதவித்தொகைக்குச் செல்லும் என்று ஒரே பக்கத்தில் எழுதிப் போட ஒரு அதிகாரிக்கு அரை நாள் போதும். யாரும் போடமாட்டார்கள். இப்படிப்பட்ட ஒரு பக்கத் தகவலைத்தான் கன்சல்டன்சிக்காரர் உங்களுக்கு இரண்டரை லட்சத்துக்கு விற்கிறார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. உங்களிடம் இருக்கும் சொத்து உங்கள் புராஜெக்ட்தான். நீங்களோ அதைக் கேள்வியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். வெல்லப் பாகை உடையும் பதத்துக்குக் காய்ச்சி ஆறவைத்தால் கிடைப்பது ஒரு கண்ணாடி, அதாவது படிகமாகாமல் கெட்டியான பாகு. வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத அளவுக்கு வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இருக்கின்றன. அவை காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏற ஏற அந்தக் கண்ணாடி இளகிப் பிசுபிசுக்கும். அமெரிக்காவில் கடின மிட்டாய் ஆராய்ச்சியின் மையக் கேள்வியும் இதுதான். அங்கே வெல்லத்துக்குப் பதில் கார்ன் சிரப். கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதை விற்கும் கடைக்காரருக்கு ஐப்பசி மழையில் சரக்கு வீணாவது காசு விஷயம். இப்படி ஒரு கேள்வியோடு வரும் மாணவரைப் பேராசிரியர்கள் கவனிப்பார்கள். "சிறு வயது முதல் சாக்லேட் பிடிக்கும்" என்று ஆரம்பிக்கும் கடிதத்தை யாரும் இரண்டாவது வரி படிப்பதில்லை.

ஆகஸ்ட் முதல் அக்டோபருக்குள் எழுதுங்கள். பெரும்பாலான துறைகளில் விண்ணப்பக் கடைசி நாள் டிசம்பர், ஜனவரி. எழுதுமுன் அந்தப் பேராசிரியர் இப்போதும் மாணவர் எடுக்கிறாரா என்று பாருங்கள். பழைய கட்டுரைகளில் பெரிதாகத் தெரியும் பெயர் ஓய்வு பெற்றிருக்கலாம். அவர் குழுவின் சமீபத்திய இரண்டு கட்டுரைகளையாவது முழுசாகப் படியுங்கள். பிறகு ஐந்தாறு வாக்கியம் போதும். நான் இன்ன படித்தேன். எத்தனை சதவீத ஈரப்பதத்தில் எத்தனை மணி நேரத்தில் மிட்டாய் ஒட்ட ஆரம்பித்தது, இதுதான் என் அளவீடு. உங்கள் கட்டுரையில் இந்த இடத்தில் எனக்கு இந்தச் சந்தேகம். அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா, அதற்குப் பண உதவி இருக்குமா? பண விஷயத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. பயோடேட்டா ஒன்றை மட்டும் இணையுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், யோகா சான்றிதழ் வேண்டாம். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

சாக்லேட் மட்டும்தான் என்று அடம்பிடிக்காதீர்கள். கொழுப்பு எப்படிப் படிகமாகிறது என்று ஆராயும் ஆய்வகங்களிலும் தேடுங்கள். கோகோ வெண்ணெய் ஆறு விதமாக உறையும். அதில் சுமார் 34 டிகிரியில் உருகும் ஐந்தாவது வகைதான் நல்ல சாக்லேட். அதைப் பற்றி ஆய்வு செய்யும் துறையின் பெயரில் சாக்லேட் என்ற சொல்லே இருக்காது. கனடாவில் குவெல்ஃப், பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழகங்களையும் பாருங்கள். ஐரோப்பாவில் பல இடங்களில் பிஎச்.டி. என்பது சம்பள வேலை. வேலை விளம்பரம்போலவே வெளியிடுவார்கள்.

கட்டிய 25,000-க்கு வருவோம். என்ன சேவைக்கு வாங்கினார்கள், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பேராசிரியர் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், போனில் வேண்டாம். பணத்தைத் திருப்பித் தரும்படி அதிலேயே எழுதிப் பதினைந்து நாள் கொடுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போடலாம். அசல் சான்றிதழ்களை "வெரிஃபிகேஷன்" என்று வாங்கி வைத்திருக்கிறார்களா? அப்படியானால் இந்த மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன்பே அப்பாவோடு நேரில் போய் அவற்றை வாங்கிவிடுங்கள்.