ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, கீசர் ஷாக் அடிக்கிறது: கேள்வி பதில்

வெயில் ஏறியதும் ஃபேன் பற்றியும், மழை வந்ததும் கீசர் பற்றியும் கேட்பார்கள். இந்த முறை இரண்டும் சேர்ந்தே வந்திருக்கின்றன. திருவான்மியூர், அடையாறு பக்கம் இருபத்தாறு வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். அதில் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

வேளச்சேரி: அண்ணா, ஹால் ஃபேனை 5-இல் வைத்தாலும் 2-இல் ஓடுகிற மாதிரிதான் ஓடுகிறது. புதுசு வாங்கிவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன்.

அவசரப்படாதீங்க தம்பி. கண்டன்சர், அதாவது மோட்டார் சுற்றக் கிளப்பிவிடும் கெபாசிட்டர், வீக் ஆகியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் உம்மென்று நின்று, குச்சியால் லேசாகத் தள்ளிவிட்டால் சுற்ற ஆரம்பிக்கிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். மேல் கப்புக்குள் சின்ன வெள்ளை டப்பா மாதிரி இருக்கும், மேலே பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் என்று போட்டிருக்கும், சிலதில் 3.15. என்ன போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள், வேகமாகச் சுற்றட்டும் என்று பெரியதாகப் போட்டால் காயில் சூடாகிப் போய்விடும். வேலை செய்யும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயின் போர்டில் தானாக விழும் எம்சிபி சுவிட்சையே இறக்குங்கள். பழைய வீடுகளில் சுவிட்சை, கரண்ட் வரும் ஃபேஸ் வயரில் போடாமல் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டு வைத்திருப்பார்கள், அணைத்த பிறகும் ஃபேனில் கரண்ட் இருக்கும். அப்புறம் இறக்கையின் முன் விளிம்பில் படிந்திருக்கும் அழுக்கையும் துடைத்துவிடுங்கள், அதுவும் காற்றைக் குறைக்கும்.

முகப்பேர்: கரண்ட் குறைவாக இழுக்கும் புது மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் விலை கூட. போட்ட காசு திரும்புமா சார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட், ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 72 யூனிட். பிஎல்டிசி 30 வாட், அதே ஓட்டத்துக்கு 29 யூனிட். ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம், மூன்று ஃபேன் என்றால் கிட்டத்தட்ட 130. நம் ஊர் பில்லில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101-இலிருந்து 200 வரை உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த 130 பெரிய விஷயம். எப்போதாவது திறக்கும் கெஸ்ட் ரூமுக்குப் போடுவது வீண், ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் மட்டும் போடுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருந்தால் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

உள்ளே போர்டு இருக்கிறது, வாரண்டி முடிந்த பிறகு அது போனால் நன்றாகவே செலவு வைக்கும். அதனால் வாரண்டி எத்தனை வருடம் என்று கேட்டு வாங்குங்கள். பழைய ரெகுலேட்டரை அதனோடு சேர்க்கக் கூடாது, எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், கடையில் அதையும் பாருங்கள்.

அதே வீடு: ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் கரண்ட் மிச்சமா?

பெரிய டப்பா மாதிரி இருக்கும் பழைய ரெகுலேட்டரில் பெரிதாக ஒன்றும் இல்லை, மிச்சமானதெல்லாம் டப்பாவுக்குள் சூடாகப் போய்விடும். இப்போது வரும் சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் மிச்சம் உண்டு.

திருவல்லிக்கேணி: பழைய வாடகை வீடு. கீசர் போட்டால் குழாயைத் தொடும்போது சுர்ரென்கிறது. வீட்டுக்காரர், செருப்புப் போட்டுக்கொண்டு குளியுங்கள் என்கிறார்.

அம்மா, இதைப் படித்த நிமிடமே கீசரை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சரிசெய்யும் வரை அடுப்பில் வெந்நீர் வையுங்கள். செருப்பெல்லாம் பேச்சே இல்லை.

இரண்டு தப்பு சேர்ந்தால்தான் இப்படி ஆகும். உள்ளே இருக்கும் காயில் வெடித்துத் தண்ணீரில் கரண்ட் கசிகிறது, அது ஒன்று. கசிந்தது போக வழியான எர்த் இல்லை, அது இன்னொன்று. பழைய வீடுகளில் எர்த் எப்படிக் காணாமல் போகும் என்று ஒரு முறை நேரிலேயே பார்த்தேன். அந்தக் காலத்தில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். இந்த வீட்டில் பின்னால் ப்ளம்பர் வந்து இரும்புக் குழாயை எடுத்து பிளாஸ்டிக் போட்டிருக்கிறார், எர்த் கம்பியை அப்படியே கிளாம்போடு அந்த பிளாஸ்டிக் குழாயிலேயே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார், பார்க்க அழகாக இருந்தது. ப்ளக்கில் மூன்று ஓட்டை இருக்கிறது, மேல் ஓட்டை சும்மா.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் டெஸ்ட் லாம்ப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பல்பு நன்றாக எரியாவிட்டால் எர்த் சரியில்லை. அதோடு கரண்ட் கசிந்தால் உடனே லைனை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி ஒன்று மெயினில் போடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கறாராகக் கேளுங்கள். எம்சிபி இருக்கிறதே என்பார். எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

மேடவாக்கம்: 15 லிட்டர் கீசரை எவ்வளவு நேரம் போடணும்? அம்மா காலையில் 5 மணிக்குப் போட்டால் 9 மணிக்குத்தான் அணைக்கிறார்.

நம் ஊர்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை 50-க்கு ஏற்ற 2000 வாட் கீசருக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். செலவு அரை யூனிட்டுக்கும் குறைவு. அதற்கப்புறம் போட்டே வைத்தால், ஆறுவதும் திரும்பச் சூடேறுவதுமாகத் தெர்மோஸ்டாட் ஓட்டிக்கொண்டே இருக்கும். மே மாதம் மதியம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும், அப்போதும் கீசர் போடுகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

2000 வாட் என்றால் 8.7 ஆம்ப்ஸ், சின்ன ப்ளக் 6-க்குத்தான். பவர் ப்ளக் கட்டாயம், வயரும் 2.5 ஸ்கொயர் எம்எம்முக்குக் குறையக் கூடாது, 4 என்றால் நிம்மதி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கீசரோ ஹீட்டரோ மாட்டவே மாட்டாதீர்கள்.

பள்ளிக்கரணை: போர் தண்ணீர், உப்பு. ஒன்றரை வருடத்தில் காயில் போய்விட்டது. வால்விலும் சொட்டுகிறது.

காயிலின் மேல் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகப் படிந்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலே வெந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அப்போதே மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்குக்குப் பதிலாகத் துரு பிடித்துக் கரைவதுதான் அதன் வேலை, கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். தெர்மோஸ்டாட்டை 50-க்கு மேல் வைக்காமல் இருந்தால் உப்பும் கொஞ்சம் குறைவாகப் படியும். சூடேறும்போது வால்வில் சொட்டுவது இயல்பு, தண்ணீர் விரிகிறது, அவ்வளவுதான். டேப் சுற்றி அடைத்துவிடாதீர்கள், கீசர் வெடிக்காமல் இருப்பதே அந்த வால்வால்தான்.

ராயபுரம்: ஹீட்டர் ராடு பரவாயில்லையா?

எனக்குப் பிடிக்காது. வாங்கியே ஆகணும் என்றால் பிளாஸ்டிக் வாளி, தண்ணீர் ராடில் உள்ள கோடு வரைக்கும், குழந்தைகள் வராத இடம். சூடு பார்க்க விரலை வைப்பதற்கு முன்னால் ப்ளக்கைப் பிடுங்கணும், சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி வைக்கக் கூடாது.

அம்பத்தூர்: ஏர் கூலர் வாங்கலாமா?

வேலூரில் இருந்தால் வாங்கச் சொல்வேன். இங்கே காற்றே பாதி தண்ணீராக இருக்கிறது, கூலர் இன்னும் ஈரத்தை ஏற்றிக் கசகசவென்று ஆக்கிவிடும். அதற்குப் பதிலாக ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, சாயங்காலம் கடல் காற்று வந்த பிறகு உள்சூட்டை வெளியே தள்ளுங்கள்.

குரோம்பேட்டை: பிறந்து இருபது நாள் குழந்தை. மார்கழிக் குளிருக்கு ரூம் ஹீட்டர் வாங்கச் சொல்கிறார் மாமியார்.

சென்னை மார்கழியில் ராத்திரி 20 டிகிரி, 21 டிகிரி. இதற்கு ஹீட்டர் வேண்டாம், ஃபேனை 1-இல் வைத்து, காற்று குழந்தை மேல் நேராகப் படாமல் தொட்டிலைத் தள்ளிப் போடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் போனால் ஆயில் ஹீட்டர் நல்லது, திரைச்சீலை, மெத்தையிலிருந்து மூன்றடி தள்ளி. மூடிய அறையில் கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். குளியலறைக்குள் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான், அதை வெளியே மாற்றுங்கள்.

பெசன்ட் நகர்: ஃபேன் ஆடுகிறது. இறக்கை ஸ்குரூ எல்லாம் முடுக்கியாச்சு.

கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம்? பக்கம் என்றால் இறக்கையை விட்டுவிட்டு மேலே பாருங்கள். உப்புக் காற்றில் கூரைக் கொக்கி துரு பிடித்துப் பாதியாகத் தேய்ந்திருக்கும், சுற்றி சிமென்ட்டும் உப்பிப் பிளந்திருக்கும், கப்பு மூடியிருப்பதால் கண்ணில் படாது. கப்பை இறக்கி டார்ச் அடியுங்கள். ரப்பர் புஷ் நசுங்கியிருக்கிறதா, போல்ட் கழன்றுவிடாமல் பிடிக்கும் காட்டர் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். கொக்கியில் துரு உதிர்ந்தால் அன்று ராத்திரி அந்த ஃபேனுக்குக் கீழே யாரும் படுக்க வேண்டாம், கட்டிலை நகர்த்திவிட்டு எனக்குப் படம் அனுப்புங்கள்.